பனியனுக்கு மேல் பனியன்

(குன்றத்தூரில் பெற்றோருக்கும் பதின்வயதுப் பையன்களுக்குமாக நடந்த கூட்டமொன்றில் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூக்கத்தையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் பொன்னாடை, அறிமுகவுரை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உடல் பருத்த பையன்கள் பலருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மார்பு வளர்கிறது. கைனகோமாஸ்டியா என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. அவற்றை மேடையில் சொல்லப் போவதில்லை. பின்வரிசைத் தம்பிகளுக்கு எல்லாம் மனப்பாடம். வீட்டில் மட்டும் இதற்குப் பெயரே கிடையாது. அம்மாவுக்குத் தெரியும், கேட்க மாட்டார். அப்பாவுக்கும் தெரியும், “கொஞ்சம் ஓடியாடினா சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார். பையன் சித்திரை வெயிலிலும் பனியனுக்கு மேல் பனியன் போட்டு, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டையும் போட்டுக்கொண்டு போவான். புத்தகப் பை முதுகில் இருக்காது, முன்னால் தொங்கும். தோளை உள்ளே வளைத்துக் கூனி நடப்பான். பி.டி. பீரியட் வந்தால் அவனுக்கு வயிறு வலிக்கும். ஆடிக் கிருத்திகைக்கு நம் குன்றத்தூர் மலைக்குச் சட்டையில்லாமல் காவடி எடுக்க வேண்டும் என்றால், அந்த வருஷம் பார்த்து அவனுக்குப் பரீட்சை வந்துவிடும்.

இந்த மார்பை அறுத்துச் சரிசெய்வது என் தொழில். அப்படிப்பட்டவன் சொல்கிறேன்: இங்கே இருக்கிற பையன்களில் பெரும்பாலோருக்கு என் கத்தி தேவைப்படாது. ஒரு டாக்டர் ஒரு முறை கைவைத்துப் பார்க்க வேண்டும், கொஞ்ச காலம் பொறுக்க வேண்டும், அதுவரை சுற்றியிருக்கிறவர்கள் வாயை அடக்க வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வைத்தியம்.

ஆணுக்கு மார்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பிறக்கும்போதே இருக்கிறது. பச்சைக் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிமார்களைக் கேளுங்கள். பிறந்த ஒரு வாரத்தில் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டுக்குமே மார்பு லேசாகக் கட்டியிருக்கும், சில குழந்தைகளுக்கு இரண்டு சொட்டுப் பாலும் வரும். கர்ப்பத்தில் தாயிடமிருந்து போன ஹார்மோன்தான் அதற்குக் காரணம். சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அதைப் பிழிந்து எடுக்க வேண்டும் என்ற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் ஒழியவில்லை. பிழிந்த இடத்தில் சீழ் பிடித்து, பத்து நாள் குழந்தைக்குக் கட்டியைக் கீற வேண்டி வருகிறது. பேரன் பேத்தி பிறக்கப் போகிற வீடுகளில் இதை மறக்காமல் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது முறை அந்தத் திசு விழித்துக்கொள்வது பருவ வயதில். விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிற காலம் அது. பெண்களின் ஹார்மோன் என்று நாம் நினைக்கிற ஈஸ்ட்ரோஜன் ஆணுடம்பிலும் உண்டு. அதுவும் அதே சமயத்தில் கூடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் சில மாதங்களுக்கோ ஓரிரு வருடங்களுக்கோ சரியாக அமையாமல் போனால், காம்புக்கு அடியில் இருக்கிற சுரப்பித் திசு வளர்கிறது. இது எவ்வளவு சகஜம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1961ல் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காக, அமெரிக்காவில் சாரணர் முகாம் ஒன்றுக்கு வந்த ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பையன்களைப் பரிசோதித்தார்கள். ஐந்தில் இரண்டு பேருக்கு மார்புத் திசு தட்டுப்பட்டது. பதினாலு வயதுக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பேர். அதே பையன்களைத் தொடர்ந்து கவனித்ததில், இரண்டு வருடம் கழித்தும் மாறாதிருந்தது கால்வாசிப் பேருக்கு. மூன்று வருடம் கழித்து நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. ஆக, ஒன்பதாம் வகுப்பில் உன்னைக் கேலி செய்கிறவனைப் பார்த்து நீ தைரியமாக நினைத்துக்கொள்ளலாம், தம்பி: அவன் சட்டைக்குள்ளேயும் பெரும்பாலும் அதே கதைதான். அவன் ஒல்லி, அதனால் வெளியே தெரியவில்லை.

குண்டான பையனுக்கு ஏன் அதிகமாகத் தெரிகிறது? இரண்டு காரணம். ஒன்று கண்ணுக்கே தெரிவது, மார்பில் சேர்கிற கொழுப்பு. இன்னொன்று உள்ளே நடப்பது. கொழுப்பு என்பது சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அரோமடேஸ் என்றொரு நொதி கொழுப்புத் திசுவில் இருக்கிறது. ஆண் ஹார்மோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. கொழுப்பு கூடக் கூட அந்த மாற்றமும் கூடும். எடை கூடினால் மார்பு கூடுகிறது. மார்பு கூடினால் வெட்கம் கூடுகிறது. வெட்கம் கூடியவன் மைதானத்துக்குப் போவதில்லை. போகாதவனுக்கு எடை கூடுகிறது. “ஓடியாடினா சரியாப் போயிடும்” என்று அப்பா சொல்கிறாரே, அதில் தப்பில்லை. ஓடினால் குலுங்கும், குலுங்கினால் சிரிப்பார்கள் என்பதால்தான் பையன் ஓடாமலிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே டாக்டர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, இருப்பது சுரப்பியா வெறும் கொழுப்பா என்று. இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் காம்பை நோக்கி மெல்லக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சுரப்பி இருந்தால் காம்புக்கு நேர் அடியில், கேரம் காய் மாதிரி தட்டையாக, ரப்பர் போல உறுதியாக விரலில் தட்டுப்படும். தொட்டால் சிலருக்கு வலிக்கும். வெறும் கொழுப்பென்றால் விரல்கள் தடையில்லாமல் காம்பு வரை வந்து சேர்ந்துவிடும். பல பையன்களுக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் உதவும்.

இதோடு இன்னொரு பரிசோதனையும் உண்டு. இதைச் செய்யாமல் மார்பை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதுகிற டாக்டரிடம் நீங்களே கேட்க வேண்டும்: “கீழேயும் பாத்துடறீங்களா சார்?” விரைகளைப் பார்த்தே ஆக வேண்டும். குழந்தைகளின் ஹார்மோன் மருத்துவர்களிடம் ஒரு மணிச்சரம் இருக்கும். பிராடர் என்ற சுவிஸ் மருத்துவர் 1966ல் அறிமுகப்படுத்தியது. 1 மில்லிலிட்டரிலிருந்து 25 மில்லிலிட்டர் வரை வரிசையாகப் பன்னிரண்டு முட்டை வடிவ மணிகள். பையனின் விரை எந்த மணிக்குச் சமம் என்று கையாலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பதினாறு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்த பையனுக்கு விரைகள் மட்டும் சின்னதாக, கெட்டியாக இருந்தால் கிளைன்ஃபெல்டர் என்ற குரோமோசோம் வேறுபாட்டை நினைக்க வேண்டும். வழக்கமான எக்ஸ் ஒய்க்குப் பதிலாக எக்ஸ் எக்ஸ் ஒய். இதன் அடையாளங்கள் 1942லேயே விவரிக்கப்பட்டன. ஆண் குழந்தைகளில் ஐந்நூறு முதல் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறது, அப்படியொன்றும் அபூர்வமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் ஹார்மோன் கொடுக்கலாம், பின்னாளில் குழந்தைப் பேறுக்கு என்ன வழி என்று யோசிக்கலாம். “குண்டுப் பையன், அதான் மார்பு” என்று விட்டுவிட்டால், கல்யாணமாகிக் குழந்தையில்லை என்று கருத்தரிப்பு மையத்தில் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். விரையில் கட்டி இருந்தாலும் அது மார்பில் காட்டலாம். அதற்காகவும்தான் பார்ப்பது.

விரையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பருத்த பையன்களுக்கு அடிவயிற்றுக் கொழுப்புக்குள் ஆண்குறி புதைந்து சின்னதாகத் தெரியும். அம்மாக்கள் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார்கள். கொழுப்பை அழுத்தி அளந்தால் பெரும்பாலும் சரியான அளவுதான் இருக்கும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. ஒன்பது வயதுக்கு முன்பே மார்பு வளர்வது. ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கெட்டியாகி, அடியோடு ஒட்டிக்கொள்வது. காம்பிலிருந்து ரத்தமோ பாலோ கசிவது. சில வாரங்களிலேயே வேகமாகப் பெருப்பது. மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றில் ஒருவர் ஆண்தான்; ஆனால் அவர்கள் வயதானவர்கள். பதினாலு வயதில் அந்தப் பயம் வேண்டாம்.

வேண்டாத பயங்கள் இன்னும் இருக்கின்றன. பிராய்லர் கோழியில் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் இது என்று நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் சொல்வார்கள். கோழி ஐந்தாறு வாரத்தில் எடை போடுவது இனக் கலப்பாலும் தீவனத்தாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளைத் தனித்தனியாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. கோழிக்குக் கண்டபடி கொடுக்கிற ஆன்டிபயாடிக் பற்றிக் கவலைப்படுங்கள், அது நியாயம். மார்புக்கு அது காரணமில்லை. ரோட்டோரச் சிக்கன் பக்கோடா எடையை ஏற்றுகிறது என்றால் அதில் இருக்கிற எண்ணெய்தான் காரணம்.

அடுத்தது, பையன்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம். கைப்பழக்கத்தால் வந்ததோ என்று. சுவரொட்டியிலும் இரவு நேர டிவியிலும், இந்தத் தேதியில் இந்த ஊர் லாட்ஜில் தங்குகிறேன் என்று விளம்பரம் செய்கிற வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். தம்பிகளா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லேகியத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பெற்றோரின் பயம். “பையன் மாறிடுவானோ டாக்டர்?” என்று கேட்பார்கள். மார்புத் திசு யாரையும் திருநங்கை ஆக்குவதில்லை. திருநங்கையாக இருப்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது; விரலில் தட்டுப்படுகிற சுரப்பியை வைத்து அதைச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியைப் பையன் காதில் விழும்படி கேட்காதீர்கள். அவனையும் புண்படுத்துகிறது, திருநங்கைகளையும் ஏதோ நோய் போலப் பேசுகிறது.

மருந்துகளால் வருவதும் உண்டு. இதய, சிறுநீரகக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், மனநலத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகொனசோல் மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். பையன் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் பையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஜிம் ஊசியையும் இதில்தான் சேர்க்க வேண்டும். மார்பு குறைய வேண்டும் என்று பதினேழு வயதுப் பையன் ஜிம்மில் சேர்கிறான். அங்கே யாரோ ஒரு அண்ணன் “மாஸ் ஏறும்” என்று ஆண் ஹார்மோன் ஊசி போட்டுவிடுகிறான். முன்னே சொன்ன அரோமடேஸ் அந்த ஊசி மருந்தையும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். தோள் ஏறுகிறது, கூடவே மார்பும் வளர்கிறது, சொந்த விரை சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. குறைப்பதற்காகப் போனவன் ஆபரேஷனுக்கு வருகிறான்.

இனி வைத்தியம். பதின்மூன்று, பதினாலு வயதில், விரைகள் சரியாக இருந்து, அபாய அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், செய்ய வேண்டியது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து அளவைக் குறித்துக்கொள்வதுதான். டாக்டர் ஒன்றும் எழுதித் தரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். பையனைத் தனியாக உட்காரவைத்து, “இது உன் தப்பு இல்லை, பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் வழி இருக்கிறது” என்று சொல்லிவிட்டால், அவன் நிமிர்ந்து உட்காருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மாத்திரை இருக்கிறதா என்று கேட்பீர்கள். தமாக்ஸிஃபென் இருக்கிறது, மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. திசு புதிதாக, வலியோடு இருக்கும் காலத்தில் சிலருக்குக் குறைக்கிறது. ஒரு வருடம் தாண்டித் திசு நாராக இறுகிவிட்டால் மாத்திரை ஒன்றும் செய்யாது. பதின்வயதுப் பையன்களுக்கென்று அனுமதி பெற்ற மருந்தும் இல்லை; ஐரோப்பிய ஆண்நல மருத்துவர் அமைப்பு 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் பொதுவாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அரோமடேஸையே தடுத்துவிட்டால் என்ன என்று அனஸ்ட்ரசோலைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004ல் வெளிவந்த ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற விஷயமில்லை இது.

எடை விஷயத்தில் கொஞ்சம் அதிகம் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது, 2010ல் ஒரகடத்துக்கு ரெனோ நிசான் வந்தது. அப்போது வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள்தான் இன்றைக்குப் பதின்வயதுப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். மூன்று ஷிஃப்ட் வாழ்க்கை. அப்பா நைட், அம்மா ஜெனரல், அடுத்த வாரம் மாறும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். டியூஷன் முடித்து வரும் பையன் கையில் காசு இருக்கும், தெருமுனையில் பரோட்டாக் கல் இருக்கும். இதற்கு அம்மாவைக் குற்றம் சொல்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. கம்பெனி நேரத்தை அம்மாவா வகுத்தார்? பெரியவர்களும் தப்பவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015–16ல் தமிழ்நாட்டு ஆண்களில் அதிக எடை உள்ளவர்கள் நூற்றுக்கு 28 பேர், 2019–21ல் 37 பேர். அப்பாவின் தொப்பையைக் கண்டுகொள்ளாமல் பையனின் மார்பை மட்டும் குறைக்கச் சொல்லி வருகிறவர்களும் உண்டு.

வளர்கிற பையனுக்கு எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றில்லை. பலருக்கு இருக்கிற எடையில் நிறுத்தினாலே போதும். உயரம் கூடும்போது கணக்கு தானாகச் சரியாகும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் உங்கள் பையன் எந்தக் கோட்டில் இருக்கிறான் என்று டாக்டரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். நம் மக்களுக்காக வரையப்பட்ட கோடுகள் அவை. வெளிநாட்டு அட்டவணை சரி என்று சொல்லும் பையனை இது எச்சரிக்கும். பட்டினி போடாதீர்கள். பாட்டிலில் வருகிற இனிப்புத் தண்ணீரை நிறுத்துங்கள், கால் லிட்டரில் ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. நைட் ஷிஃப்ட் வாரத்திலும் மாவு, முட்டை, சுண்டல் மூன்றும் வீட்டில் இருந்தால் பையனே தோசை ஊற்றிக்கொள்வான். ஆண்பிள்ளைக்குத் தோசை சுடத் தெரியக் கூடாது என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை. உடற்பயிற்சிக்கு முதலில் யாரும் பார்க்காத இடம் கொடுங்கள்: விடியற்காலையில் மலைப்படி, அப்பாவோடு சைக்கிள். இறுக்கமான பனியன் போட்டுக்கொள்ளட்டும், அதைப் பிடுங்காதீர்கள். குலுங்காது என்ற நம்பிக்கையில் ஓடுவான். ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள், ஓட்டம் பழகும்போது சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

கழுத்தையும் பாருங்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கருத்திருந்தால் அது அழுக்கு இல்லை. கடலை மாவு போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு தருகிற அறிவிப்பு. மார்புக்காக வந்த பையனுக்குச் சர்க்கரையும் கல்லீரலும் பார்த்துவிட வேண்டும். மார்பு யாரையும் கொல்லாது. சர்க்கரை வியாதி பையன் முப்பது வயதைத் தொடுவதற்குள் ஆரம்பிக்கலாம். எடை குறைந்தால் மார்பில் கொழுப்பு குறையும், இறுகிப்போன சுரப்பி குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பத்துக் கிலோ குறைத்த பையன் கண்ணாடியைப் பார்த்து மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவான். 2025ல் இந்தியாவுக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை இங்கே பெரியவர்களுக்காக வந்தவை. பதினாலு வயது மார்புக்கு அது வழியில்லை.

இப்போது கத்தி. இந்த அறுவை புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில், கிரேக்க மருத்துவர் ஏஜினா ஊர் பவுலுஸ் இதை எழுதிவைத்திருக்கிறார்: மார்புக்குக் கீழே பிறை வடிவில் கீறி, கொழுப்பை எடுத்துத் தைக்க வேண்டும் என்று. நம் அப்பர் பெருமான் வாழ்ந்த அதே நூற்றாண்டு. அப்பர் வரலாற்றை எழுதிய சேக்கிழார் பிறந்த ஊரில் நின்று பேசுவதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பவுலுஸ் சொல்கிற காரணத்தைக் கவனியுங்கள். இது உயிருக்கு ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. பெண்தன்மை என்ற பழிச்சொல் வருகிறது, அதனால் அறுக்கலாம் என்கிறார். ஆயிரத்து நானூறு வருடம் ஆகியும் என் அறைக்கு வருகிற பையன்களில் பெரும்பாலோர் வருவது அதே காரணத்துக்காகத்தான். ஊரார் வாய்க்காகப் பையனின் நெஞ்சில் கத்தி வைக்கிறோம். இது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆறு வருடமாக யாரோடும் குளிக்கப் போகவில்லை, விடுதியில் சேரப் பயந்து படிப்பையே மாற்றிக்கொண்டான் என்றால், ஊர் திருந்தட்டும் பொறு என்று அவனிடம் சொல்லவும் எனக்கு மனம் வராது. அறுத்துவிடுவேன்.

யாருக்கு அறுக்கலாம்? பருவ வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும், ஏறத்தாழ பதினெட்டு வயது. சுரப்பி ஓரிரு வருடமாக மாறாமல் இருக்க வேண்டும். எடை ஏறாமல் இறங்காமல் நிலைத்திருக்க வேண்டும். எடை ஏறிக்கொண்டிருக்கும்போது அறுத்தால் திரும்ப வரலாம். அறுத்த பிறகு இருபது கிலோ குறைத்தால் தோல் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பது பையனாக இருக்க வேண்டும். அம்மா கேட்பதற்காக, பெண் பார்க்கப் போகிற இடத்துக்காக அறுக்கக் கூடாது. சீருடைப் பணிக்கு முயல்கிறவர்கள் கதை வேறு. காவலர் தேர்வில் மார்பளவு 81 சென்டிமீட்டர், விரித்தால் இன்னும் 5 என்று அளக்கிறார்கள். ராணுவத்தின் மருத்துவப் பரிசோதனையில் இந்த மார்பு வளர்ச்சியே குறையாகக் கணக்கில் வருகிறது. அவர்கள் கடைசி மாதத்தில் ஓடிவராமல் ஒரு வருடம் முன்பே காட்ட வேண்டும்.

அறுவை எப்படி நடக்கும்? காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக ஒரு கீறல். 1946ல் வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர் சொன்ன வழி. தழும்பு விளிம்போடு மறைந்துவிடும். சுரப்பியை அதன் வழியே எடுப்போம். சுற்றியுள்ள கொழுப்பைப் பக்கவாட்டில் சின்னத் துளை போட்டுக் குழாயால் உறிஞ்சுவோம். காம்புக்கு அடியில் கொஞ்சம் திசுவை விட்டுவைக்க வேண்டும். மொத்தமாக வழித்தெடுத்தால் காம்பு உள்ளே குழிந்துவிடும், அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கஷ்டம். எடுத்த திசுவைக் கட்டாயம் நோயியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் இறுக்கமான அழுத்தச் சட்டை. நம் ஊர் வெக்கையில் அது பெரிய தண்டனை, டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கட்டுவது, நீர் கோப்பது, கொஞ்ச காலம் காம்பு மரத்துப்போவது, இரண்டு பக்கமும் துளி ஏற்றத்தாழ்வாக அமைவது எல்லாம் வரக்கூடியவை. இதை முன்கூட்டியே சொல்லாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏனென்றால் விளம்பரங்கள் வேறு மாதிரி பேசுகின்றன. பையன் செல்போனில் ஒரு முறை தேடினால் போதும், மறுநாளிலிருந்து துரத்தும்: ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம், தழும்பே தெரியாது, மாதத் தவணையில் கட்டலாம். வண்டிக்குத் தவணை, வீட்டுக்குத் தவணை, இப்போது பையன் மார்புக்கும் தவணை. 2024 ஏப்ரலில், நமக்குப் பக்கத்தில் பம்மலில், எடைக் குறைப்பு அறுவைக்காக வந்த ஓர் இளைஞர் சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். அரசு விசாரணை வைத்தது. அது வயிற்றில் செய்கிற பெரிய அறுவை, நான் பேசுவது தோலடியில் செய்வது, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மயக்கம் மயக்கம்தான். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: அறுப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருத்துவர் கடைசி வரை கூட இருப்பாரா, ராத்திரி ரத்தம் கட்டினால் யார் வருவார்?

காசு இல்லாதவர்களுக்கு வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும். இந்த விஷயத்தில் காத்திருப்பதே பாதி வைத்தியம் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சின்னப் பையன்களை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். கேலியால் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்கிற பையனுக்கு, இரவானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழில் பேசுவார்கள். 104லும் ஆலோசனை உண்டு.

என் பேச்சு இவ்வளவுதான். இனிக் கேள்விகள். எழுந்து நின்று யாரும் கேட்க வேண்டாம். வரிசை வரிசையாகத் துண்டுச் சீட்டும் பேனாவும் வரும். கேள்வி இல்லாதவர்களும் ஏதாவது எழுதி மடித்துப் போடுங்கள், அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. பெயர் வேண்டாம். வயது மட்டும் மறக்காமல் எழுதுங்கள் தம்பிகளா, பதின்மூன்றுக்கு நான் சொல்லும் பதில் வேறு, பத்தொன்பதுக்கு வேறு.